செருகினால் போதுமா? பென்டிரைவின் ஏற்றமும் இறக்கமும்

(ரெட்டியார்பாளையத்தில் கணினி ஆய்வகப் பொறுப்பாசிரியர்களுக்கு நடந்த பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



லினக்ஸ் நிறுவிய ஆய்வகங்களுக்கு நான் போகும்போது அடிக்கடி கேட்கும் வாக்கியம் ஒன்று உண்டு: “சார், இதுல பென்டிரைவ் வரலை.” அடுத்த வாக்கியமும் எனக்குத் தெரியும்: “விண்டோஸே போட்டுக் கொடுத்துடுங்க.” தமிழ்நாட்டில் 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் நிறுவித் தரப்பட்டது. சென்னை சி-டாக் உருவாக்கிய நம் நாட்டு இயங்குதளம் அது. அந்தப் பகுதியை ஒருமுறைகூடத் திறக்காமல் அழித்துவிட்டு இடத்தைக் காலியாக்கிக்கொண்ட மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன். காரணம் கேட்டால் மெமரி, வைரஸ் என்று எதுவும் சொல்லமாட்டார்கள். “பென்டிரைவ் எடுக்கலை” என்பார்கள்.

ஒரு கட்டற்ற இயங்குதளம் பள்ளியில் நிலைப்பதும் போவதும் இவ்வளவு சிறிய விஷயத்தில் அடங்கியிருக்கிறது. அதனால் இன்று இந்த ஒன்றை மட்டும் பேசலாம் என்று வந்திருக்கிறேன். பென்டிரைவைச் செருகியதும் கணினிக்குள் என்ன நடக்கிறது? அது தானாக நடக்கும்போது நாம் எதை மறந்துவிடுகிறோம்?

செருகுவது வேறு, திறப்பது வேறு. புதுச்சேரிக்காரர்களான நமக்கு இதை விளக்குவது எளிது. அந்தக் காலத்தில் பெரிய கப்பல்கள் நம் கரைக்கு வந்து நிற்க முடியாது, ஆழம் போதாது. தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும். சலங்கு எனும் படகுகள் போய்ச் சரக்கை ஏற்றிக் கரைக்குக் கொண்டுவரும். கப்பல் கண்ணுக்குத் தெரிவதும் சரக்கு கைக்கு வருவதும் ஒன்றல்ல. இடையில் ஒரு வேலை இருக்கிறது. கணினியில் அந்த இடைவேலைக்கு ‘மவுண்ட்’ என்று பெயர். நான் வகுப்பில் ‘ஏற்றுதல்’ என்று சொல்கிறேன். அதன் எதிர்ச்செயல் ‘இறக்குதல்’. உங்களுக்குப் பழகிய வேறு சொல் இருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம்.

அந்தப் பெயர் ஏன் வந்தது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். பழைய பெரிய கணினிகளில் காந்த நாடாச் சுருளையும் வட்டுத் தொகுதியையும் ஓர் ஊழியர் கையால் தூக்கி இயந்திரத்தின் மேல் பொருத்துவார். அதுதான் மவுண்ட். 1971-இல் வந்த யுனிக்ஸின் முதல் பதிப்பிலேயே இந்தப் பெயரில் ஒரு கட்டளை இருந்தது. யுனிக்ஸ் வழியில் வந்த லினக்ஸில் சி, டி, ஈ என்று டிரைவ் எழுத்துகள் கிடையாது. ஒரே ஒரு மரம்தான். அதன் வேர் ஒன்று. எல்லாக் கோப்புறைகளும் அதன் கிளைகள். புதிதாக வரும் பென்டிரைவை அந்த மரத்தில் ஏதாவது ஒரு கிளையில் ஒட்டுக்கட்ட வேண்டும். அப்போதுதான் அதில் இருக்கும் கோப்புகள் நமக்குக் கிடைக்கும்.

தொடக்கத்தில் இதைச் செய்யும் உரிமை நிர்வாகிக்கு மட்டுமே இருந்தது. கடவுச்சொல் கொடுத்து, கருவியின் பெயரையும் ஒட்டவேண்டிய கோப்புறையையும் தட்டச்சு செய்ய வேண்டும். ஓர் அலுவலகத்துக்கு ஒரு கணினி இருந்த காலத்துக்கு அது பொருந்தியது. 2000-ஆம் ஆண்டை ஒட்டிப் பென்டிரைவ் கடைகளுக்கு வந்தது. நாற்பது பிள்ளைகள் நாற்பது பென்டிரைவோடு வரும் இடத்தில் அந்த முறை செல்லுபடியாகாது. அதனால்தான் ‘தானேற்றம்’ தேவைப்பட்டது.

இப்போது நீங்கள் பென்டிரைவைச் செருகியதும் நடப்பதை நான்கு படிகளாகப் பார்ப்போம்.

முதல் படி, கெர்னல் எனும் கருப்பகுதி யுஎஸ்பி துளையில் புதிதாக ஒன்று வந்ததை உணர்ந்து, “நீ யார்?” என்று கேட்கிறது. “நான் சேமிப்புக் கருவி” என்று அது பதில் சொல்கிறது. உடனே அதற்கு ஒரு கோப்புப் பெயர் கிடைக்கிறது. கணினியின் சொந்த வன்தட்டு ‘எஸ்டிஏ’ என்றால் பென்டிரைவ் ‘எஸ்டிபி’. அதன் முதல் பகிர்வு ‘எஸ்டிபி1’.

இரண்டாம் படியில் கெர்னல் இந்தச் செய்தியை வெளியே அறிவிக்கிறது. அதைக் கேட்டுக்கொண்டு இருப்பது ‘யூடெவ்’ எனும் நிரல். கிரெக் குரோவா-ஹார்ட்மன் 2003-இல் தொடங்கிய பணி இது. பென்டிரைவில் உள்ள கோப்பு முறைமை எது, அதன் பெயர்ச்சீட்டு என்ன, அடையாள எண் என்ன என்பதை இது குறித்துவைக்கிறது.

மூன்றாம் படியில் ‘யூடிஸ்க்ஸ்’ எனும் பின்புலச் சேவை வருகிறது. முன்பு ‘ஹால்’ என்ற நிரல் செய்த வேலையை 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இது எடுத்துக்கொண்டது. ஏற்றும் உரிமை இதனிடம் இருக்கிறது. ஆனால் இது தானாக எதையும் ஏற்றாது. யாராவது கேட்க வேண்டும்.

நான்காம் படி, கேட்பவர். அது உங்கள் திரையில் இருக்கும் கோப்பு உலாவியோ பணிமேடையோதான். “புதிதாக ஒன்று வந்திருக்கிறதாமே, ஏற்றிக்கொடு” என்று யூடிஸ்க்ஸிடம் கேட்கிறது. கேட்கும் பயனர் அந்தக் கணினியின் முன் உட்கார்ந்திருப்பவர்தானா என்று சரிபார்த்துவிட்டு, கடவுச்சொல் கேட்காமலே அது ஏற்றித் தருகிறது. உபுண்டுவில் ‘மீடியா’ கோப்புறைக்குள் பயனர் பெயர், அதற்குள் பென்டிரைவின் பெயர் என்று வந்து உட்கார்கிறது. கணினியின் உள்ளே இருக்கும் விண்டோஸ் பகிர்வைச் சொடுக்கினால் மட்டும் சில இடங்களில் கடவுச்சொல் கேட்பது ஏன் என்பதும் இப்போது புரியும். கழற்றிச் செல்லும் கருவிக்கு ஒரு விதி, கணினியின் சொந்த வட்டுக்கு வேறு விதி.

“பென்டிரைவ் வரலை” என்று யாராவது சொன்னால், இந்த நான்கில் எந்தப் படியில் நின்றுபோனது என்று பார்ப்பதுதான் வைத்தியம். டெர்மினலைத் திறந்து எல், எஸ், பி, எல், கே என்ற ஐந்து எழுத்துகளைச் சிறிய எழுத்தில் இடைவெளி இல்லாமல் தட்டி எண்டர் அழுத்துங்கள். கணினியில் உள்ள எல்லாச் சேமிப்புக் கருவிகளும் பட்டியலாக வரும். ஏற்றப்பட்டிருந்தால் எங்கே ஏற்றப்பட்டது என்பதும் கடைசி நிரலில் இருக்கும்.

பட்டியலிலேயே பென்டிரைவ் இல்லையா? அப்படியானால் லினக்ஸைக் குறை சொல்லிப் பயனில்லை. துளையோ, முன்பக்கத்து யுஎஸ்பி ஒயரோ, பென்டிரைவோ பழுது. பின்பக்கத் துளையில் மாற்றிச் செருகிப் பாருங்கள்.

பட்டியலில் இருக்கிறது, கடைசி நிரல் காலி என்றால் இரண்டு காரணங்களை முதலில் பாருங்கள். ஒன்று, கேட்பவர் இல்லை. கேடிஇ பணிமேடையில் தானேற்றம் இயல்பாக அணைந்தே இருக்கும்; மூலையில் வரும் அறிவிப்பைச் சொடுக்கினால்தான் ஏற்றும். எக்ஸ்எஃப்சிஇ பணிமேடையில் ‘துனார் வோல்மேன்’ என்ற சிறு நிரல் நிறுவப்பட்டிருக்க வேண்டும். பழைய கணினி என்று எடை குறைந்த பணிமேடையை நிறுவிய ஆய்வகங்களில் பெரும்பாலும் இதுதான் சங்கதி. லினக்ஸ் மின்டில் கோப்பு உலாவியின் விருப்பங்களுக்குள் ‘நடத்தை’ பகுதியில் இதற்கென ஒரு கட்டமே இருக்கிறது, குறியிட்டால் போதும்.

இரண்டாவது காரணம், கோப்பு முறைமை புரியவில்லை. 64 ஜிபி, 128 ஜிபி பென்டிரைவ்கள் இப்போது எக்ஸ்ஃபேட் முறைமையில் வருகின்றன. அதன் விவரக்குறிப்பை மைக்ரோசாஃப்ட் 2019-இல்தான் வெளியிட்டது. லினக்ஸ் கெர்னலின் 5.4 பதிப்பில் முதல்முறையாகச் சேர்ந்து, 2020-இல் வந்த 5.7 பதிப்பில் அது நிலைபெற்றது. அதற்கு முந்தைய பதிப்பில் ஓடும் பள்ளிக் கணினிக்கு அந்தப் பென்டிரைவ் தெரியும், ஆனால் படிக்கத் தெரியாது. தனியாக ஒரு பொதியை நிறுவலாம். அல்லது இயங்குதளத்தைப் புதுப்பிக்கலாம். சிறிய பென்டிரைவ்களில் இருக்கும் ஃபேட்32 எல்லா இடத்திலும் திறக்கும். ஆனால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை ஏற்காது. லினக்ஸின் சொந்த முறைமையான இஎக்ஸ்டி4-இல் பென்டிரைவை ஃபார்மட் செய்தால் வேறு சிக்கல்: ஒரு கணினியில் எழுதிய கோப்பை இன்னொரு கணினியின் பயனர் திருத்த முடியாமல் போகலாம். பிள்ளைகள் கைமாற்றும் பென்டிரைவுக்கு அது வேண்டாம்.

இவை தவிர, பென்டிரைவ் ஏறும், ஆனால் ‘படிக்க மட்டும்’ என்று நிற்கும். அல்லது ஏறவே மறுக்கும். போனமுறை யாரோ சட்டென்று பிடுங்கியதால் கோப்பு முறைமை பாதியில் நின்றிருக்கும். என்டிஎஃப்எஸ் முறைமையில் இது அதிகம். விண்டோஸ் கணினியில் செருகி, பிழை சரிபார்த்து, முறையாக வெளியே எடுத்தால் சரியாகிவிடும்.

இந்தப் ‘பிடுங்குதல்’ பற்றித்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

ஏற்றத்தைக் கணினி தானே செய்கிறது. இறக்கத்தைத் தானாகச் செய்ய அதனால் முடியாது. நீங்கள் எப்போது கிளம்பப் போகிறீர்கள் என்பது அதற்கு எப்படித் தெரியும்? அதனால் இறக்கம் நம் பொறுப்பாகவே இருக்கிறது. தொடக்கம் தானாக நடப்பதால் முடிவும் தானாக நடக்கும் என்று நம் கை நினைத்துக்கொள்கிறது.

நீங்கள் ஒரு கோப்பைப் பென்டிரைவுக்கு நகலெடுக்கும்போது லினக்ஸ் அதை முதலில் நினைவகத்தில் வாங்கி வைக்கிறது. நினைவகம் வேகமானது, பென்டிரைவ் மெதுவானது. உங்களைக் காக்க வைக்காமல் “ஆயிற்று” என்று சொல்லிவிட்டு, பின்னால் இருந்துகொண்டு மெல்ல எழுதுகிறது. பட்டை நூறு சதவீதம் காட்டிய பிறகும் பல நொடிகள், பெரிய கோப்பானால் சில நிமிடங்கள் எழுத்து ஓடிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் பிடுங்கினால் கோப்பு பாதிதான் இருக்கும். கோப்புகளின் அட்டவணை எழுதப்படும் நேரமாக இருந்தால், பழைய கோப்புகளும் சேர்ந்து போகலாம்.

ஒரு பள்ளியில் அரையாண்டுத் தேர்வு மதிப்பெண்களை ஆசிரியை ஒருவர் இரண்டு நாள் உட்கார்ந்து விரிதாளில் ஏற்றினார். பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று பென்டிரைவை உருவிக்கொண்டு போனார். மறுநாள் அலுவலகக் கணினியில் திறந்தால் கோப்பின் பெயர் இருக்கிறது, அளவு பூஜ்யம். கணினியில் நகல் வைக்கவில்லை. பென்டிரைவிலேயே வைத்துத் திருத்தியிருந்தார். விடைத்தாள் கட்டுகளை மறுபடி பிரித்து முதலிலிருந்து ஏற்றினார்கள். ‘லினக்ஸ் தின்றுவிட்டது’ என்று அந்தப் பள்ளியில் பேச்சு. இதே அவசரத்துக்கு எந்த இயங்குதளமும் இதே தண்டனையைத் தரக்கூடும். ஆனால் கெட்ட பெயர் புதியவனுக்குத்தானே முதலில் வரும்!

எனவே இரண்டு பழக்கங்களைச் சொல்கிறேன். பென்டிரைவில் வைத்து எந்தக் கோப்பையும் திருத்தாதீர்கள். கணினிக்கு நகலெடுத்து, திருத்தி, திரும்ப நகலெடுங்கள். பிறகு கோப்பு உலாவியின் இடப்பக்கத்தில் பென்டிரைவ் பெயருக்கு அருகில் உள்ள அம்புக்குறியைச் சொடுக்குங்கள். தரவு எழுதப்படுகிறது, எடுக்க வேண்டாம் என்று அறிவிப்பு வந்தால் காத்திருங்கள். எடுக்கலாம் என்று வந்த பிறகு எடுங்கள். ‘கருவி பயன்பாட்டில் உள்ளது’ என்று மறுத்தால், அதிலிருந்து ஏதோ ஒரு கோப்பு எங்கோ திறந்திருக்கிறது. மூடிவிட்டு மறுபடி சொடுக்குங்கள்.

இதை அறிவுரையாகச் சொன்னால் பிள்ளைகள் மறந்துவிடுவார்கள். சோதனையாகச் செய்யச் சொல்லுங்கள். எட்டாம், ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு பாடவேளை போதும். 500 எம்பி அளவுள்ள ஒரு காணொளியைப் பழைய, மெதுவான பென்டிரைவுக்கு நகலெடுக்க வேண்டும். ஒரு மாணவர் நகல் பட்டை முடிய எத்தனை நொடி என்று குறிக்கட்டும். பட்டை முடிந்ததும் அம்புக்குறியைச் சொடுக்கி, எடுக்கலாம் என்ற அறிவிப்பு வர எத்தனை நொடி என்று இன்னொருவர் குறிக்கட்டும். பென்டிரைவில் விளக்கு இருந்தால் அது மினுக்குவதை மூன்றாமவர் பார்க்கட்டும். வெவ்வேறு குழுக்களின் அளவுகளைக் கரும்பலகையில் அட்டவணையாக எழுதுங்கள். “முடிந்தது என்று கணினி சொன்ன பிறகும் விளக்கு ஏன் மினுக்குகிறது?” என்ற ஒரு கேள்வி போதும். நினைவகம், சேமிப்பகம் என்ற வேறுபாடு, பாடநூலில் வரையறையாக இருப்பது, அவர்கள் கண்முன் நடக்கும்.

அடுத்து, பாதுகாப்பு. தானாக ஏற்றுவதும் தானாக இயக்குவதும் ஒன்றல்ல. இதில்தான் பலருக்குக் குழப்பம். ஏற்றுவது என்றால் உள்ளே இருப்பதைக் காட்டுவது. இயக்குவது என்றால் உள்ளே இருக்கும் நிரலை ஓடவிடுவது. விண்டோஸில் ‘ஆட்டோரன்’ வசதி இருந்த காலத்தில், செருகியதும் பென்டிரைவில் உள்ள நிரல் ஓடும் வழி இருந்தது. 2008-இல் பரவத் தொடங்கிய கான்ஃபிக்கர் புழு பயன்படுத்திய வழிகளில் அதுவும் ஒன்று. விண்டோஸ் 7-இல் பென்டிரைவுக்கு அந்த வசதியை நீக்கிய மைக்ரோசாஃப்ட், 2011 பிப்ரவரியில் பழைய எக்ஸ்பி, விஸ்டா பதிப்புகளுக்கும் அதை நிறுத்தும் புதுப்பிப்பை அனுப்பியது.

லினக்ஸ் பணிமேடைகள் ஏற்றிக் காட்டும். நிரலை நம்மைக் கேட்காமல் ஓட்டாது. யூடிஸ்க்ஸ் பென்டிரைவை ஏற்றும்போதே, அதில் உள்ள எந்த நிரலும் நிர்வாகி உரிமை எடுத்துக்கொள்ளக் கூடாது என்ற கட்டுப்பாட்டோடுதான் ஏற்றும். அதற்காகக் கவலையே இல்லை என்று சொல்லமாட்டேன். ஜான் லாரிமர் என்ற ஆய்வாளர் 2011-இல் ஒரு மாநாட்டில், திரை பூட்டப்பட்ட உபுண்டு கணினியில் பென்டிரைவைச் செருகியே பூட்டைத் தாண்டிக் காட்டினார். பென்டிரைவைத் தானாக ஏற்றி, உள்ளே உள்ள கோப்புகளுக்குச் சிறுபடம் தயாரித்தபோது இருந்த ஓட்டை வழியாக அது நடந்தது. இன்றைய க்னோம் பணிமேடை திரை பூட்டியிருக்கும்போது எதையும் தானாக ஏற்றுவதில்லை.

ஆகவே ஒரு பகுத்தறிவு தேவை. மாணவர் பயன்படுத்தும் ஆய்வகக் கணினிகளில் தானேற்றம் இருக்கட்டும். வினாத்தாளும் மதிப்பெண்ணும் இருக்கும் அலுவலகக் கணினியில் அதை அணைத்துவிடுங்கள். தேவைப்படும்போது நீங்களே சொடுக்கி ஏற்றிக்கொள்ளலாம். எழுந்து போகும்போது திரையைப் பூட்டுங்கள்.

ஒரு பயனுள்ள செய்தி. ஜெராக்ஸ் கடையிலிருந்து திரும்பும் பென்டிரைவில் கோப்புறைகள் எல்லாம் குறுக்குவழிகளாக மாறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கோப்புகள் பெரும்பாலும் அழிவதில்லை. வைரஸ் அவற்றை விண்டோஸின் ‘மறைவு’ குறியிட்டு ஒளித்திருக்கும். லினக்ஸ் அந்தக் குறியைப் பொருட்படுத்தாது. ஃபேட்32 பென்டிரைவை லினக்ஸில் செருகினால், சில நேரம் பெயரே இல்லாததுபோல் தோன்றும் ஒரு கோப்புறைக்குள் எல்லாம் பத்திரமாக இருக்கும். கணினிக்கு நகலெடுத்துக்கொண்டு, பென்டிரைவை ஃபார்மட் செய்து கொடுங்கள். லினக்ஸ் வேண்டாம் என்று சொன்ன சக ஆசிரியர் அன்றைக்கே மனம் மாறுவார்.

கடைசியாக, ஆய்வகத்தின் பொதுக் காப்பு வட்டு பற்றி. வெளி வன்தட்டு ஒன்றை எப்போதும் ஒரே கணினியில் செருகி வைத்திருப்பவர்கள், அதை எஃப்எஸ்டேப் எனும் அமைப்புக் கோப்பில் பதிவு செய்யலாம். கணினி தொடங்கும்போதே ஏறிவிடும். அதில் இரண்டு எச்சரிக்கைகள். ‘எஸ்டிபி1’ என்ற பெயரை எழுதாதீர்கள். செருகும் வரிசை மாறினால் பெயரும் மாறும். மாறாத யூயூஐடி அடையாள எண்ணை எழுதுங்கள். அதோடு ‘நோ ஃபெயில்’ என்ற சொல்லையும் ஒட்டி எழுதிச் சேருங்கள். சேர்க்காமல் விட்டு, ஒருநாள் வட்டைக் கழற்றி வைத்தால், கணினி அதற்காக ஒன்றரை நிமிடம் காத்திருந்துவிட்டு அவசரநிலைத் திரையில் நின்றுவிடும். இதை வரைகலையிலேயே செய்ய ‘டிஸ்க்ஸ்’ செயலியில் வழி உண்டு.

நம் புதுச்சேரியின் நான்கு பகுதிகளில் மாஹே, கேரளப் பாடத்திட்டத்தைப் பின்பற்றி வந்தது. அந்தக் கேரளத்தில் 2001-இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம், பின்னர் பள்ளிகளைக் கட்டற்ற மென்பொருளுக்கே மாற்றியது. பத்தாம் வகுப்பு மாணவர்களின் தகவல் தொழில்நுட்பத் தேர்வும் அதிலேயே நடக்கிறது. அங்கேயும் பிள்ளைகளும் ஆசிரியர்களும் பென்டிரைவைத்தான் பயன்படுத்துகிறார்கள். பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒவ்வொரு பள்ளியிலும் இருந்ததுதான் அந்தத் திட்டத்தின் பலம். உதவிக்கு நம் ஊரிலும் ஆட்கள் இருக்கிறார்கள். கட்டற்ற மென்பொருள் வன்பொருள் இயக்கம் புதுச்சேரியில் இயங்குகிறது. 2012 முதல் ‘கணியம்’ இதழ் இவற்றையெல்லாம் தமிழிலேயே எழுதி இலவசமாகத் தருகிறது.

நீங்கள் பள்ளிக்குத் திரும்பியதும் ஒன்றைச் செய்யுங்கள். ஆய்வகத்தில் உள்ள ஒவ்வொரு கணினியிலும் ஒரே பென்டிரைவைச் செருகி, ஏறுகிறதா, எழுத முடிகிறதா, முறையாக இறங்குகிறதா என்று ஒரு தாளில் குறியுங்கள். ஏறாத கணினிக்கு எதிரே எந்தப் படியில் நின்றது என்று எழுதுங்கள். அந்தத் தாளை ஆய்வகக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். இரண்டு மாணவர்களைக் கூட வைத்துக்கொண்டால் அடுத்தமுறை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். “வரலை” என்று சொன்ன இடத்தில் “எந்தப் படியில் நிற்குது?” என்று கேட்கும் பிள்ளைகள் உருவாகிவிட்டால், இயங்குதளம் எதுவானாலும் அவர்களுக்குக் கவலையில்லை.